பஞ்சுப் பொதிக்கு ஒரு ரூபாய்: இந்திய நகரங்களின் வரியுரிமை பற்றிச் சில குறிப்புகள்

1920-ஐ ஒட்டி, பம்பாய் நகருக்குள் வந்து இறங்கிய ஒவ்வொரு பஞ்சுப் பொதியின்மீதும் ஒரு ரூபாய் வரி விதிக்கப்பட்டது. அவ்வரி எதற்காக என்பதை அரசு மறைக்கவில்லை. நகரத் தொழிலாளருக்காக 50,000 ஓரறைக் குடியிருப்புகள் கட்டுவதென மாகாண அரசு முடிவு செய்திருந்தது. கடன் வாங்கிக் கட்டப்படும் அவ்வீடுகளுக்குத் தொழிலாளர் தரக்கூடிய வாடகை, கட்டிய செலவை ஈடுசெய்யாது என்பதும் தெரிந்திருந்தது. இடையில் விழும் பற்றாக்குறையைப் பஞ்சு வரி நிரப்பும் என்பதே கணக்கு. சரக்கின்மீது வரி, அவ்வரியிலிருந்து வீடு என்று இரண்டையும் இவ்வளவு நேராக இணைத்த ஏற்பாடு இந்திய நகர வரலாற்றில் அரிது.

உள்ளாட்சி நிதி பற்றிய நம் வகுப்பறை விவாதங்கள் பெரும்பாலும் சொத்துவரியில் தொடங்கி மானியத்தில் முடிந்துவிடுகின்றன. சரக்கின்மீது நகரமே வரி விதித்து, அவ்வருவாயில் சாலையையும் பூங்காவையும் வீட்டையும் அமைத்துக்கொண்ட நீண்ட மரபு ஒன்று இந்நாட்டில் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று அது ஏறத்தாழ முற்றாக முடிவுக்கு வந்தது. அதை மீட்டெடுக்க வேண்டும் என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. அம்மரபு எதைச் சாதித்தது, எங்கே தவறியது, அது நீங்கியபின் நகரங்களிடம் எஞ்சியிருப்பது என்ன என்பவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதே நோக்கம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நகர எல்லைக்குள் நுகர்வுக்காகவோ பயன்பாட்டுக்காகவோ விற்பனைக்காகவோ வரும் சரக்கின்மீதான இவ்வரி, ஆங்கில ஆவணங்களில் ‘ஆக்ட்ராய்’ எனப்படுகிறது. வழங்குதல், அனுமதித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் அது. மேலிருக்கும் அதிகாரம் நகரத்துக்கு வழங்கிய உரிமை என்ற கருத்து அதன் வேரிலேயே இருக்கிறது. இந்தியில் இவ்வரி ‘சுங்கி’, மராத்தியில் ‘ஜகாத்’. சமயக் கடமையான கொடையைக் குறிக்கும் அரபுச் சொல், மராத்திக்கு வந்து சேர்ந்தபோது வணிகச் சரக்கின்மீதான தீர்வையைக் குறிப்பதாகிவிட்டது. தமிழில் ‘சுங்கம்’ என்ற பழஞ்சொல் உண்டு. ஆனால் நகராட்சி விதிக்கும் நுழைவு வரிக்கெனத் தனிச்சொல் எதுவும் தமிழில் வேரூன்றவில்லை. சென்னை மாகாண நகராட்சிகள் வீட்டுவரி, தொழில்வரி, சாலைச் சாவடிக் கட்டணம் ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்தன என்பதே அதற்குக் காரணம். இல்லாத வரிக்குப் பெயர் தேவைப்படவில்லை. இப்பதிவில் ‘நுழைவு வரி’ என்றே குறிக்கிறேன்.

இவ்வரியின்மீதான குற்றச்சாட்டுகளும் அதன் அளவுக்குப் பழமையானவை. வங்காள மாகாணத்தின் உள்நாட்டுச் சுங்கத்தையும் நகரத் தீர்வைகளையும் பற்றிச் சார்லஸ் டிரெவெலியன் 1830-களில் எழுதிய அறிக்கை, சாவடிச் சோதனைகளும் தாமதமும் கையூட்டும் வணிகத்தை எவ்வாறு நெரித்தன என்று விரித்துரைத்தது. 1836-இல் வங்காளத்தில் அத்தீர்வைகள் நீக்கப்பட்டன. எனினும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகராட்சிகள் பெருகியபோது, பஞ்சாப், வடமேற்கு மாகாணங்கள், மத்திய மாகாணங்கள், பம்பாய் மாகாணம் ஆகியவற்றின் நகரங்கள் இவ்வரியையே நாடின. வீடுவீடாகச் சென்று மதிப்பிட்டு வரி வாங்க ஆட்கள் வேண்டும். நகரப் பெரியமனிதர்களின் எதிர்ப்பையும் தாங்க வேண்டும். நகர வாயில்களில் சில சாவடிகளை அமைத்தால் போதும், வரி பொருளின் விலைக்குள் கரைந்துவிடும். செலுத்துகிறோம் என்பதை உணராமலேயே மக்கள் செலுத்துவர். நிர்வாகத்துக்கு இது பெரும் வசதி. ஆனால் தாம் வரி செலுத்துவதை அறியாத மக்கள் அதற்குக் கணக்கும் கேட்பதில்லை. இவ்வரியின் வலிமையும் ஊனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இனிப் பம்பாய்க்கு வருவோம். 1896-இல் மாண்ட்வி பகுதியில் கொள்ளைநோய் வெடித்தது. நெரிசல் மிகுந்த குடியிருப்புகளே நோயின் உறைவிடம் என்று கருதிய அரசு, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை நிறுவியது. அகன்ற சாலைகளைத் திறப்பது, நெரிசலான பகுதிகளை இடிப்பது, வடக்கே புதிய மனைப்பிரிவுகளை உருவாக்குவது ஆகியவை அதன் பணிகள். தாதர், மாடுங்கா ஆகியவற்றின் ஒழுங்கான தெருக்களும் பூங்காக்களும் அவ்வமைப்பின் கொடை. பின்னாளில் தமிழ்க் குடும்பங்கள் திரளாகக் குடியேறி, மாடுங்கா தென்னிந்தியர் பகுதி எனப் பெயர் பெற்றதற்கு இடமளித்ததும் அத்திட்டமிடலே. ஆனால் பூங்காவை ஒட்டிய மனைகள் நிலையான வருவாயுடைய நடுத்தர வகுப்பினரைச் சென்றடைந்தன. இடிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்த ஏழைகளுக்குப் போதுமான மாற்று வீடுகள் எழவில்லை. தொழிலாளருக்காக டிரஸ்ட் கட்டிய அடுக்குக் குடியிருப்புகள் தேவையின் முன் சிறியவை. பரேலில் இருந்த அத்தகைய டிரஸ்ட் குடியிருப்பு ஒன்றில்தான் அம்பேத்கர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பதை நினைவிற்கொள்ளலாம்.

இதே காலத்தில் கல்கத்தா வேறொரு வழியைக் கண்டது. 1911-இல் இயற்றப்பட்ட கல்கத்தா மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த டிரஸ்ட்டுக்கு, நகராட்சியின் பங்களிப்போடு வேறு வருவாய்களும் ஒதுக்கப்பட்டன. சொத்து கைமாறும்போது கூடுதல் முத்திரைத் தீர்வை, நகருக்கு வரும் பயணிகளின்மீது சிறிய முனைய வரி, ஏற்றுமதியாகும் சணலின்மீது பொதிக்கு இவ்வளவு என்று ஒரு தீர்வை ஆகியவை அவை. இன்று சித்தரஞ்சன் அவென்யூ எனப்படும் மத்திய அவென்யூவும், இன்று ரவீந்திர சரோவர் எனப்படும் டாக்குரியா ஏரியும் இந்த டிரஸ்ட்டின் பணிகள். தென் கல்கத்தாவின் அழகிய ஏரிக்கரையில் மாலை நடை செல்பவர் எவரும் கிழக்கு வங்காளத்தின் சணல் வயல்களை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்நகரின் பூங்காவுக்கும் அவ்வயல்களுக்கும் இடையே ஒரு தீர்வைக் கோடு ஓடியது.

அத்தீர்வையின் சுமையை யார் தாங்கினர் என்பது பொருளியலில் எளிய கேள்வியன்று. உலகச் சணல் விளைச்சலில் வங்காளத்துக்கு ஏறத்தாழத் தனியுரிமை இருந்ததால், விலையேற்றத்தை வெளிநாட்டு வாங்குவோர்மீது ஏற்றிவிடலாம் என்பது ஒரு வாதம். இடைத்தரகர்கள் அதை விளைவிப்போருக்குத் தரும் விலையிலிருந்தே கழித்துக்கொள்வர் என்பது எதிர்வாதம். எவ்வாறாயினும் சணல் விளைத்த உழவருக்குக் கல்கத்தாவின் சாலை எங்கே போகவேண்டும் என்பதில் எந்தக் குரலும் இல்லை.

பம்பாயின் பஞ்சு வரியை இப்பின்னணியில்தான் படிக்க வேண்டும். 1918 இறுதியில் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் லாயிட், போருக்குப் பிந்தைய விலையேற்றத்தையும் வேலைநிறுத்தங்களையும் வீட்டுப் பஞ்சத்தையும் ஒருசேர எதிர்கொண்டார். 1920-இல் பம்பாய் வளர்ச்சித் துறை உருவாக்கப்பட்டது. அது மாநகராட்சியின் உறுப்பாக இல்லாமல் மாகாண அரசின் துறையாக அமைந்தது. ஒருபுறம் பேக் பே கடலை நிரப்பி நிலமாக்கும் பெருந்திட்டம். மறுபுறம் தொழிலாளர் வீடுகள். பஞ்சு வரி பின்னதற்கான துணை. வரிக்கு ஏற்ற சரக்காகப் பஞ்சைத் தேர்ந்ததில் நுட்பம் இருந்தது. குஜராத், காந்தேஷ், பேரார் பகுதிகளின் பஞ்சு, இருப்புப்பாதை வழியாகத் தீவு நகரின் குறுகிய நுழைவாயில்களைக் கடந்தே ஆலைக்கோ துறைமுகத்துக்கோ சென்றாக வேண்டும். எண்ணுவது எளிது, ஏய்ப்பது கடினம். தொழிலாளரின் உழைப்பால் கொழிக்கும் தொழிலே அவர்தம் வீட்டுக்குப் பங்களிக்கட்டும் என்ற நியாயமும் கேட்பதற்கு இனிமையானது.

வரி வசூலானது. கட்டடங்களும் எழுந்தன. வர்ளி, நாய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்கள். டிலைல் சாலை இன்று என்.எம். ஜோஷி மார்க் என்று வழங்குகிறது. தரைத்தளத்தோடு மூன்று மாடிகள், கட்டடத்துக்கு ஏறத்தாழ 80 அறைகள், மொத்தம் 16,500-ஐச் சற்றே கடந்த அறைகள். மராத்தியில் ‘சாள்’ எனப்படும் இவ்வகைக் குடியிருப்பில் நீண்ட நடைவழியின் இருபுறமும் ஓரறை வீடுகள். குளியலும் கழிப்பறையும் பொது. ‘பிடிடி சாள்’ என்று இன்றும் மும்பை அழைப்பது இவற்றையே. 50,000 என்ற இலக்கில் மூன்றில் ஒரு பங்குதான் நிறைவேறியது.

அந்த மூன்றில் ஒரு பங்கும் நிரம்பவில்லை என்பதே இவ்வரலாற்றின் முதன்மையான செய்தி. குறிப்பாக வர்ளியில் ஆயிரக்கணக்கான அறைகள் 1920-களில் காலியாகக் கிடந்தன. நெரிசலில் நசுங்கிய ஒரு நகரத்தில், நெரிசலை நீக்கக் கட்டிய வீடுகளில் குடியேற ஆள் இல்லை. வாடகை மானியத்தோடு குறைக்கப்பட்டிருந்தும் தொழிலாளர் வழக்கமாகத் தந்ததைவிட மிகுதி. வர்ளிப் பகுதி அப்போது சந்தையும் போக்குவரத்து வசதியும் குறைந்த ஒதுக்குப்புறம். காங்கிரீட் அறைகள் வெயிலில் கொதித்தன, மழையில் ஒழுகின. பம்பாய்த் தொழிலாளரின் வேலையையும் வீட்டையும் 1925-இல் ஆராய்ந்து நூலாக்கிய பர்னெட்-ஹர்ஸ்ட் இக்குடியிருப்புகளைக் கடுமையாக விமர்சித்தவர்களுள் ஒருவர். இதற்கு மேலும் ஒரு காரணத்தை நாம் பின்னோக்கிக் காண முடிகிறது. கிர்ணகாவ் எனப்பட்ட ஆலைப் பகுதியின் தெருக்களில் தொழிலாளிக்கு ஊர்க்காரரும் உறவினரும், கடன் தரும் மளிகைக்காரரும், வேலை பிடித்துத் தரும் மேஸ்திரியும் இருந்தனர். வேலையின் நிலையாமைக்கு எதிரான காப்பு அச்சுற்றமே என்பதை ராஜ்நாராயண் சந்தாவர்க்கரின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. அரசு அறை ஒன்றைக் கட்டித் தந்தது. தொழிலாளிக்குத் தேவைப்பட்டது அறையும் அச்சுற்றமும் சேர்ந்த வாழ்விடம்.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்டு அறிந்திருக்க முடியாதா? கேட்பதற்கான வாயில் இருக்கவில்லை. வளர்ச்சித் துறை மாநகராட்சிக்குக் கணக்குச் சொல்லும் கட்டாயத்தில் இல்லை. மாநகராட்சியிலும் தொழிலாளிக்கு இடமில்லை. 1922-இல் பம்பாய் நகராட்சி வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோதுகூட, மாதம் 10 ரூபாய் வாடகை தருவோர் வரைதான் அது இறங்கிவந்தது. ஆலைத் தொழிலாளருள் பெரும்பாலோரின் வாடகை அதைவிடக் குறைவு. யாருடைய பெயரால் வரி விதிக்கப்பட்டதோ, அவரே வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றார். வயதுவந்தோர் அனைவருக்கும் நகராட்சி வாக்குரிமை வந்தது விடுதலைக்குப் பின்னரே.

வளர்ச்சித் துறையின் பேக் பே பணிகளில் நிகழ்ந்த வீண்செலவை கே.எஃப். நாரிமன் சட்டமன்றத்திலும் வெளியிலும் அம்பலப்படுத்தினார். அத்துறையின் பெயர் கெட்டது. காலியாகக் கிடந்த வர்ளிக் கட்டடங்களுக்கு 1930-களின் தொடக்கத்தில் எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. சட்டமறுப்பு இயக்கத்தில் கைதானோரை அடைக்க அவை தற்காலிகச் சிறையாயின. பஞ்சு வரியின் துணையோடு எழுந்த தொழிலாளர் வீடு, அரசை எதிர்த்தோரின் சிறையானது. பின்னர் போரும் மக்கட்பெருக்கமும் வந்தபின் அறைகள் நிரம்பின. மூன்று நான்கு தலைமுறைகளின் தொழிற்சங்க, தலித், நாட்டார்கலை வாழ்வுக்கு அவை நிலைக்களமாயின. மக்கள் அக்கட்டடங்களைத் தமதாக்கிக்கொண்டனர். அந்தப் பெருமை அவர்களுடையது.

விடுதலைக்குப் பின்னும் நுழைவு வரி தொடர்ந்தது. பம்பாயில் பழைய நகரத் தீர்வைகளின் இடத்தில் 1965-இல் முழுமையான நுழைவு வரி வந்தது. முலுண்டு, தஹிசர் முதலிய எல்லைகளில் இருந்த ஜகாத் நாக்காக்களில் சரக்கு வண்டிகள் இரவெல்லாம் வரிசையில் நின்றன. டிரெவெலியன் சொன்ன தாமதமும் கையூட்டும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் மாறவில்லை. 1924-25-இல் ஆராய்ந்த இந்திய வரி விசாரணைக் குழு தொடங்கி அடுத்தடுத்து வந்த குழுக்கள் இவ்வரியைக் கண்டித்தே எழுதின. ராஜஸ்தான் 1998-இலும் குஜராத் 2007-இலும் இதைக் கைவிட்டன. மகாராஷ்டிரம் தன் நகரங்கள் பலவற்றில் 2010 முதல் உள்ளாட்சி அமைப்பு வரி என்ற மாற்றைச் சோதித்தது. வணிகரின் எதிர்ப்பால் 2015-இல் அதையும் பெருமளவு நீக்கியது. மும்பை மட்டும் இறுதிவரை பழைய வரியை விடவில்லை. முடிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் தந்த வரி அது.

சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது இக்கதை முடிந்தது. 101-ஆவது திருத்தம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலிலிருந்து 52-ஆவது பதிவை, அதாவது உள்ளூர்ப் பகுதிக்குள் நுழையும் சரக்கின்மீதான வரியை, நீக்கியது. உள்ளாட்சிகளுக்கென வெளிப்படையாக விடப்பட்டது கேளிக்கை வரி. மகாராஷ்டிரம் 2017-இல் தனிச்சட்டம் இயற்றி, நகரங்களின் இழப்பை ஆண்டுதோறும் 8 விழுக்காடு உயர்த்தி ஈடுசெய்ய உறுதியளித்தது. நாக்காக்கள் மூடப்பட்டன, வண்டிகள் தடையின்றி ஓடின. பொருளாதார நோக்கில் இது நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இரண்டு வருவாய்களுக்கும் அரசியல் தன்மையில் பெரும் வேறுபாடு உண்டு. தானே விதிக்கும் வரியில் நகரம் வீதத்தையும் செலவையும் தீர்மானிக்கிறது. இழப்பீட்டில் இன்னோர் அரசின் தவணைக்காகக் காத்திருக்கிறது.

74-ஆவது திருத்தம் இதற்கு மருந்தாகும் என்று கருதப்பட்டது. ஆனால் அதன்வழி வந்த 243-எக்ஸ் பிரிவு, நகராட்சிக்கு வரியுரிமையை நேரடியாகத் தரவில்லை. மாநிலச் சட்டமன்றம் விரும்பினால் தரலாம் என்கிறது. ‘ஆக்ட்ராய்’ என்ற சொல்லின் வேரில் இருந்த ‘வழங்குதல்’ என்ற பொருள் இங்கே எழுத்து மாறாமல் நிலைத்திருக்கிறது. வரி போனது, வழங்குவோர் பெறுவோர் என்ற உறவு மட்டும் எஞ்சியது.

ஒப்பீட்டுக்காக நாட்டுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரம் 1993 முதல் ஒரு விழுக்காடு உள்ளூர் விற்பனை வரியைக் குறிப்பிட்ட கால அளவுக்கு விதித்துத் தன் பொதுக் கட்டமைப்புகளை அமைத்துவருகிறது. 2019 டிசம்பரில் வாக்காளர் ஏற்ற நான்காம் திட்டத்தில் வரியின் ஆயுள் எட்டு ஆண்டுகள், பணிகள் 16. பூங்காக்களும் வீடற்றோருக்கான குடியிருப்பும் அவற்றுள் அடக்கம். ஏழையின் செலவில் பெரும்பகுதி அன்றாடப் பொருள்களே என்பதால், விற்பனை வரி அவர்மீது கூடுதலாக அழுத்தும் என்ற குறை அங்கும் உண்டு. எனினும் எதற்காக, எவ்வளவு காலம், யாருடைய இசைவோடு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. பம்பாயின் பஞ்சு வரிக்கு முதல் கேள்விக்கான விடை மட்டுமே இருந்தது. இன்றைய இழப்பீட்டு ஏற்பாட்டில் அந்த முதல் விடைகூட இல்லை.

மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் பல நிதியாண்டுகளுக்கு, நாட்டின் மிகப்பெரிய நகராட்சி வரவுசெலவுத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதுவுமின்றி, ஒரு நிர்வாகியின் பொறுப்பில் வகுக்கப்பட்டது. லாயிட்டின் வளர்ச்சித் துறையை ‘காலனிய அதிகாரம்’ என்று எழுதி எளிதாகக் கடந்துவிடும் நாம், இதை எந்தச் சொல்லால் எழுதுவோம்?

இப்போது பிடிடி சாள்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. 160 சதுர அடி அறையில் வாழ்ந்தோருக்கு 500 சதுர அடி வீடு கட்டணமின்றித் தரப்படுகிறது. 2025-இல் வர்ளியில் முதல் தொகுதிக் குடும்பங்கள் சாவி பெற்றன. அதற்கான நிதி அதே நிலத்தில் எழும் விற்பனைக் கோபுரங்களிலிருந்து வருகிறது. நூறாண்டுக்கு முன் பஞ்சுப் பொதி சுமந்த செலவை இன்று நிலத்தின் விலை சுமக்கிறது. குடும்பங்களுக்குக் கிடைத்தது உண்மையான பயன். அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் நிலம் விலைபோகும் இடத்தில் மட்டுமே இந்த வழி செல்லும். விலைபோகாத நிலத்தில் வாழ்வோருக்கு வீடும் பூங்காவும் வேண்டுமானால் நகரத்துக்குச் சொந்த வருவாய் வேண்டும், அதைச் செலவிடும் மன்றம் வேண்டும், அம்மன்றத்தைக் கேள்வி கேட்கும் குடிமகனும் வேண்டும்.

நகர நிதியை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரியின் வீதத்தையும் வசூலையும் அட்டவணையாக்குவதோடு நின்றுவிட வேண்டாம். அவ்வரி விதிக்கப்பட்ட ஆண்டில் யாருக்கு வாக்குரிமை இருந்தது என்ற ஒரு பத்தியையும் அட்டவணைக்கு அருகில் சேர்த்துப் பாருங்கள். வர்ளியில் ஏன் அறைகள் காலியாகக் கிடந்தன என்பதற்கு வாடகைப் பட்டியலில் கிடைக்கும் விடையைவிட முழுமையான விடை அங்கே கிடைக்கும்.